திண்டிவனத்திலிருந்து ஒரு நேயர் கருத்து

வானொலி ஜெபம் பண்ணும்போது எங்கள் சபையில் கண்ணை மூடாதவள் நான் ஒருத்திதான். பக்தி குறைச்சல் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. அது சிற்றலை நிலையம், வைத்த இடத்தில் நிற்காது. ஜெபம் ஆரம்பித்து ஆமென் வருவதற்குள் எந்தத் தேசத்துக்காரனோ இரண்டு தடவை உள்ளே நுழைந்து பாட்டுப் பாடிவிட்டுப் போவான். யாராவது ஒருத்தர் ரேடியோத் திருகாணியில் கையும் முள்ளில் கண்ணுமாக உட்கார்ந்திருக்க வேண்டும், அந்த வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே இழுத்துப் போட்டுக்கொண்டதுதான். உபதேசியாருக்கு விரல் நடுங்கும். ஒரு நாள் அவர் தேடித் தேடி அலுத்துப்போனதைப் பார்க்கப் பொறுக்காமல், "நகருங்க ஐயா, நான் வெக்கிறேன்" என்று போய் உட்கார்ந்தேன். அதற்கப்புறம் அந்த முக்காலி எனக்கென்று ஆகிவிட்டது.

அறுபதுகளின் தொடக்கம். நாங்கள் திண்டிவனத்தில் ரயில்பாதைக்குக் கிழக்கே ஒரு ஓட்டு வீட்டில் இருந்தோம். அப்பா ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். அம்மா இறந்து வெகுகாலம் ஆயிற்று. தங்கை என்னைவிட ஆறு வயது சின்னவள், வீட்டைப் பார்த்துக்கொண்டாள். பாதிரியார் மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் வருவார். மற்ற நாளெல்லாம் சபையை நடத்தியவர் உபதேசியார். அவருடைய மருமகன் பட்டாளத்தில் இருந்தபோது வாங்கி வந்த வால்வு ரேடியோ அவர் வீட்டுக் கூடத்தில், லேஸ் துணி போர்த்து, புதுப்பெண் மாதிரி உட்கார்ந்திருக்கும். கூரைமேல் இரண்டு மூங்கிலை நட்டு ஏரியல் கம்பி இழுத்திருந்தார்கள். சாயங்காலம் ஆறரைக்கு இருபது பேர் பாய் விரித்து உட்காருவோம்.

கடலுக்கு அப்பால் எங்கோ இருந்து வந்தாலும் அதை நாங்கள் 'நம்ம ஸ்டேஷன்' என்றுதான் சொல்வோம். அரை மணி நேரம் தமிழ். முதலில் பாட்டு, பிறகு பிரசங்கம், கடைசியில் ஜெபம். ஜெபத்துக்கு வானொலிக்காரர் "தலை வணங்குவோம்" என்றதும் பெண்களெல்லாம் முந்தானையை இழுத்து முக்காடு போடுவார்கள். பெட்டிக்கு முன்னால் முக்காடு போட்டுத் தலை குனிந்தவர்களை, ஒரு கை திருகாணியில் இருக்க, நான் மட்டும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த நிலையத்தைப் பற்றி என் அபிப்பிராயம் என்ன என்று கேட்டால் பாட்டு நன்றாயிருந்தது என்று சொல்வேன். பொய் சொல்லக் கூடாது, பாட்டு ரொம்ப நன்றாயிருந்தது. என் தங்கை ஒரு தடவை கேட்டால் போதும், மறுநாள் அம்மியில் அரைத்துக்கொண்டே பாடிவிடுவாள். பிரசங்கம் அப்படி இல்லை. ஆட்டை மேய்த்தே பார்க்காத ஒருவர் மேய்ப்பனைப் பற்றி இருபது நிமிஷம் பேசுவார். அதைக் கேட்கிறவர்களில் பாதிப்பேர் காலையில் ஆட்டை ஓட்டிவிட்டு வந்தவர்கள். நடுவில் பெட்டி கரகரத்தால் உபதேசியார், "சாத்தான் தடுக்கிறாம்மா" என்பார். "சாத்தான் இல்லீங்க ஐயா, ஏரியல். காக்கா உக்காந்துக்கினு இருக்குது" என்பேன். எனக்கு வாய் அப்படி.

ஆனால் அந்த நிகழ்ச்சியை நடத்தியவருடைய குரல் வேறு விஷயம். அவ்வளவு இதமான குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவர் 'அன்பான சகோதரியே' என்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று தோன்றும். கூடத்தில் இருந்த அத்தனை பெண்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும், கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பொங்கல் கழிந்து ஒரு நாள் அந்தக் குரல், "எங்கள் நிகழ்ச்சிகளைப் பற்றி உங்கள் கருத்தை எழுதுங்கள், உங்களுக்காக ஜெபிக்க வேண்டியதையும் எழுதுங்கள்" என்றது. நான் போஸ்டாபீசுக்குப் போய் வெளிநாட்டுக்குப் போகிற நீலக் காகிதம் இரண்டு வாங்கினேன்.

இப்போது எங்கள் வீட்டு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். என் தங்கைக்கு வலிப்பு. ஐந்து வயதில் ஆரம்பித்தது. மாதத்தில் ஒன்று, சில மாதம் இரண்டு, பெரும்பாலும் விடியற்காலையில் வரும். அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, சாவிக்கொத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கித்தான் நான் வளர்ந்தேன். இரும்பைக் கையில் கொடுத்தால் நிற்கும் என்பார்கள். அது தானாகத்தான் நிற்கும், இருந்தாலும் கொடுக்காமல் இருக்க மனசு வராது. நாங்கள் முன்பு இருந்த ஊர் கடலூர்ப் பக்கம். அங்கே ஒரு தடவை கோயிலிலேயே வந்துவிட்டது. ஊர் முழுக்கத் தெரிந்துபோனது. என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார், 'குடும்பத்துல அப்படி ஒண்ணு இருக்குதாமே' என்று கேட்டுவிட்டுப் போனவர்கள், திரும்பி வரவில்லை. அப்பா மாற்றல் கேட்டு வாங்கித் திண்டிவனம் வந்தார். இங்கே ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவள் நான்.

நீலக் காகிதத்தில் முதல் நாலு வரி கருத்து எழுதினேன், பாட்டு நன்று, பிரசங்கம் நீளம் என்று. மீதி இடம் முழுக்கத் தங்கையைப் பற்றித்தான். பேர், வயது, ஊர், என்ன நோய், எத்தனை வருஷமாக என்று எல்லாம் எழுதினேன். எங்கள் கோயில் வாசலில் ஒரு தகரப் பெட்டி உண்டு. ஜெபம் வேண்டியவர்கள் சீட்டு எழுதி அதில் போடுவார்கள். பேரும் குறையும் தெளிவாக எழுத வேண்டும், பொத்தாம் பொதுவாக எழுதினால் பாதிரியார் திருப்பித் தந்துவிடுவார். அவர் அதைத் தனியாக எடுத்துப் படித்து, முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுவார். நாங்கள் அறிந்த வழக்கம் அதுதான். வானொலி நிலையத்திலும் ஒரு தகரப் பெட்டியும் ஒரு அடுப்பும் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். சபைப் பாதிரியாரிடம் சொல்லாததைக் கடல் தாண்டி எழுதினேன். அத்தனை தூரத்தில் இருப்பவருக்குத் தெரிந்தால் என்ன நஷ்டம்? படித்த டீச்சருக்கு வந்த புத்தியைப் பாருங்கள்!

கடிதம் போய் இரண்டு வாரத்தில் விழுப்புரத்திலிருந்து வரன் வந்தது. எனக்கல்ல, தங்கைக்கு. மாப்பிள்ளை விழுப்புரத்தில் ரயில் என்ஜின் பழுது பார்க்கும் லோகோ ஷெட்டில் ஃபிட்டர். அவருடைய அப்பாவும் ரயில்வேதான். அம்மா ரயில்வே ஆஸ்பத்திரியில் ஆயா. ஏதோ கூட்டத்தில் தங்கை பாடியதைக் கேட்டு விசாரித்துக்கொண்டு வந்தார்கள். மூத்தவள் இருக்கும்போது இளையவளா என்று கேட்பார்களே என அப்பா தயங்கினார். "எனக்கு வேணாம்பா, அவளுக்கு முடிங்க" என்றேன். எனக்கு இருபத்தொன்பது வயது ஆகியிருந்தது.  

பெண் பார்த்த அன்று மாப்பிள்ளையின் அம்மா வேர்க்கடலையில் பிடித்த மல்லாட்டை உருண்டையைக் கடித்துக்கொண்டே சொன்னார். "எங்க வூட்லயும் ரேடியோ கீதுங்க. சாயங்காலம் நம்ம ஸ்டேஷன் கேக்காம சோத்துல கை வெக்க மாட்டோம்." எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

அவர்கள் போன பிறகு தங்கை பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். "அக்கா, அவங்ககிட்ட சொல்லிடலாமா?"

"எத?"

"எனக்கு வர்றத."

"வாயை மூடு. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க? நாம பொய்கூடச் சொல்லல. சொல்லாம இருக்கிறோம், அவ்ளோதான்."

அவள் மறுபேச்சுப் பேசவில்லை. எப்போதுமே பேச மாட்டாள். அதனால் அவளுக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

லெந்து தொடங்கிவிட்டது. ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது நாளும் எங்கள் கோயிலில் கல்யாணப் பேச்சு கிடையாது. ஈஸ்டர் முடிந்துதான் ஓலை வாசிப்பார்கள். மூன்று ஞாயிறு, ஆராதனை நடுவில் பெண் பேரும் பிள்ளை பேரும் சொல்லி, இந்தக் கல்யாணத்துக்குத் தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார்கள். அதுவரை பொறுத்துக்கொண்டால் போதும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

லெந்தின் முதல் வாரம் ஆறரை மணிக்கு அந்த இதமான குரல் சொன்னது: "இன்று முதல் நேயர்களின் ஜெப விண்ணப்பங்களை வாசிக்கப் போகிறோம். ஒருவருக்காக ஒருவர் ஜெபிப்போம்." பிறகு வாசிக்கவும் ஆரம்பித்துவிட்டது. ஆற்காட்டுப் பக்கம் ஓர் ஊர், ஒரு பெண்ணின் முழுப்பேர், அவள் புருஷன் குடிக்கிற குடி, கையிலிருந்த வளையல் போன கதை. முக்காட்டுக்குள்ளிருந்து 'த்சொ த்சொ' என்று சத்தம் வந்தது.  ஐயோ கர்த்தாவே, தகரப் பெட்டியும் இல்லை, அடுப்பும் இல்லை! ஊருக்கு ஊர் வாய் முளைத்த பெட்டியில் கொண்டுபோய் நான் போட்டிருக்கிறேன்.

அன்று ராத்திரியே இரண்டாவது நீலக் காகிதத்தை எடுத்தேன். கோபம் என்றால் கோபம். மசி கொட்டி இரண்டு இடத்தில் காகிதம் கிழிந்தது. என்ன எழுதுகிறோம் என்று திரும்பிப் படிக்கவில்லை. விடிந்ததும் பள்ளிக்கூடம் போகிற வழியில் போட்டுவிட்டேன்.

அதற்குப் பின் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அது போய்ச் சேரப் பத்து நாளா, பதினைந்து நாளா? முதல் கடிதத்தை அதற்குள் வாசித்துவிட்டால்? வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணி ஆறரை ஆகிவிட்டதா என்று வெயிலைப் பார்ப்பேன். பிள்ளைகள் ஏழெட்டு ஐம்பத்தாறு என்றாலும் தலையாட்டினேன், ஏழெட்டு அறுபது என்றாலும் தலையாட்டினேன். சாயங்காலம் ஐந்தரைக்கே உபதேசியார் வீட்டில் போய் நிற்பேன். "இன்னாம்மா, ரேடியோ மேல இவ்ளோ பக்தி வந்துட்சி!" என்று அவர் மெச்சிக்கொள்வார்.

திட்டம் போட்டு வைத்திருந்தேன். திண்டிவனம் என்ற சொல் காதில் விழுந்த அடுத்த நொடி முள்ளைத் தள்ளிவிடுவது, கரகரவென்று ஆகிவிடும், காக்கா மேல் பழியைப் போட்டுவிடலாம். எங்கள் கூடத்துக்கு அது சரி. விழுப்புரத்தில், அந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் திருகாணியை எந்தக் கையால் திருப்புவேன்? அங்கே அந்த அம்மாள் சோற்றைத் தொடாமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே! இதை நினைத்துவிட்டால் இருக்கிற இடத்தில் இருக்க முடியாது, எழுந்து வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பேன். ஒரு வாரம் வாசித்தார்கள். கல்லீரல் வீங்கியவர், கோர்ட்டுக் கேஸ் உள்ளவர், ஓடிப்போன மகன் என்று வந்துகொண்டே இருந்தது. மறுவாரமும் வாசித்தார்கள். திண்டிவனம் வரவில்லை. ஒவ்வொரு நாளும் நிகழ்ச்சி முடியும்போது ரவிக்கை நனைந்து முதுகில் ஒட்டியிருக்கும்.

தங்கை பெண்கள் வரிசையில் சுவரோரம் உட்காருவாள். அவளுக்கு எதுவும் தெரியாது. நான் எழுதிய இரண்டு கடிதத்தைப் பற்றியும் அவளிடம் நான் மூச்சு விடவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை. பாட்டு முடிந்தது. பிரசங்கமும் முடிந்தது. ஜெபத்துக்கு எல்லோரும் தலை வணங்கியதும் அந்தக் குரல், "இன்று ஒரு நேயரின் கருத்தை வாசிக்கப் போகிறேன். எங்கள் மனதைக் குத்திய கருத்து. குத்த வேண்டிய கருத்து" என்றது. எனக்குச் சுரீரென்றது. "திண்டிவனத்திலிருந்து ஒரு ஆசிரியை. அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை."

திண்டிவனம் என்ற சொல் வந்துவிட்டது. நான் திருகவில்லை. ஏன் என்று இத்தனை வருஷம் கழித்தும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. கூடத்தில் எல்லோரும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள். உபதேசியார் சிரித்தார். எங்கிருந்தோ வருகிற அந்தக் குரல் என் வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டிருந்தது: "நீங்கள் செய்வது ஜெபமா, தண்டோராவா? நோயாளிகளின் பேரைத் தெருவில் கூவுவதற்குக் கடல் தாண்டி ஒரு நிலையம் எதற்கு?" என்னமாய் எழுதியிருக்கிறேன் என்று நானே வியந்துகொண்டிருந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று இரண்டாம் வகுப்புக்கே சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

குரல் நிற்காமல் வாசித்தது. "என் தங்கையின் வலிப்பை நான் எழுதியது உங்கள் காதுக்கு, ஊர்க்காதுக்கு அல்ல. அவளால் எனக்கு வந்த வரன் இரண்டும் போயின. என் வாழ்வு நின்றுவிட்டது. இப்போதுதான் அவளை ஒரு வீட்டில் தள்ளிவிட வழி கிடைத்திருக்கிறது. அதிலும் மண்ணைப் போடாதீர்கள்."

அப்போதுதான் என் கைக்கு உயிர் வந்தது. திருகினேன். எங்கோ ஒரு தேசத்தில் மேளம் அடித்தார்கள். இருபது பேர் இருந்த கூடத்தில் யாரும் காக்கையைப் பற்றிக் கேட்கவில்லை. மறுபடி முள்ளைக் கொண்டுவந்தபோது குரல், இனிமேல் யாருடைய நோயையும் வாசிக்க மாட்டோம், அந்தச் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பேரைச் சொல்லவில்லை, வாக்குத் தவறவில்லை. நல்ல மனிதர்! திண்டிவனத்தில் எங்கள் மதத்து வேதக்கார டீச்சர்கள் மூன்று பேர். ஒருத்தருக்குத் தங்கையே இல்லை, இன்னொருத்தர் தங்கை நாலு பிள்ளை பெற்றவள். இந்தக் கணக்கைப் போட விழுப்புரத்தில் ஆயா வேலை பார்க்கிறவருக்கு எத்தனை நேரம் ஆகும்?

சுவரோரம் திரும்பிப் பார்த்தேன். தங்கை முக்காட்டை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஆமென் வந்ததும் எழுந்து, தினமும் செய்கிற மாதிரி எல்லோருடைய பாயையும் சுருட்டி மூலையில் வைத்தாள். உபதேசியாருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். வீட்டுக்கு வரும் வழியில் நான் பத்தடி பின்னால் வந்தேன். வந்து சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். ஏசினால்கூடத் தேவலை என்று எனக்கு இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர் என் தோளில் கை வைத்து, "மனசு வுட்ராத" என்றார். கையைத் தட்டிவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கொடியில் தங்கையின் நல்ல சேலை, ஊதாக் கரை போட்டது, துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. எதற்கு இன்றைக்கு அதை உடுத்தினாள் என்று தோன்றியது. கேட்கிற முகம் எனக்கு இல்லை. அப்பா டூட்டி முடிந்து வந்து, தொப்பியைக் கழற்றாமலே சொன்னார்.

"விழுப்புரத்துலேர்ந்து கார்டுகிட்ட சொல்லி அனுப்பியிருக்காங்க. நாளைக்கு வரச் சொல்றாங்க."

ரயில்வே குடும்பங்களில் சேதி அப்படித்தான் போகும், பாசஞ்சர் வண்டி கார்டு தபால்காரரைவிட வேகம். "நானும் வர்றேன். நீங்க ஒண்ணும் பேச வேணாம். நான் பேசிக்கிறேன்" என்றேன்.

சனிக்கிழமை காலை வண்டி. மயிலம் தாண்டி, பேரணி தாண்டி, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அது நின்று நின்று என் உயிரை எடுத்தது. கரும்பு வண்டிகள் கேட்டில் நின்றன. என்ன பேசுவது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா தொண்டையைச் செருமினார்.

"பாப்பா, ஒண்ணு சொல்லணும் உங்கிட்ட."

"சும்மா இருங்கப்பா. நானே யோசன பண்ணிக்கினு இருக்கிறேன்."

விக்கிரவாண்டியில் இன்னொரு தடவை ஆரம்பித்தார். "இல்லம்மா, தங்கச்சி வந்து..."

"அப்பா! அங்க போயி நீங்க வாயத் தொறந்தா எல்லாம் பேஜாராயிடும். தெரிதா?"

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

குவார்ட்டர்ஸ் வாசலில் அந்த அம்மாளே நின்றார். "வாங்கண்ணே, வா டீச்சரம்மா" என்று உள்ளே கூட்டிப்போய் நாற்காலி போட்டார். மாப்பிள்ளை ஷெட்டுக்குப் போயிருந்தார். அலமாரியில் ரேடியோ இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். காப்பி வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன், பொறுமை எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

"ரேடியோவுல ஏதோ வாசிச்சாங்களாம், ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு பேசிக்கிறாங்க. திண்டிவனத்துல டீச்சருங்களுக்கு இன்னா பஞ்சமா? அது எங்க வூடு இல்லீங்க. என் தங்கச்சிக்கு ஒண்ணும் இல்ல. ஒரு தலவலி காய்ச்சல்னு படுத்தவ இல்ல அவ. வேத புஸ்தகத்து மேல கை வெச்சுச் சொல்றேன்."

அப்பா குனிந்து தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் என்னையே பார்த்தார். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த நோயாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"உன் தங்கச்சி நேத்து வந்துட்டுப் போயிட்டாம்மா."

எனக்குப் புரியவில்லை. "எங்க?"

"இங்கதான். நீ உக்காந்துக்கினு இருக்கிற நாற்காலியில. காலை வண்டிக்கு ஒண்டியா வந்தா. அஞ்சு வயசுலேர்ந்து வருது, மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு வரும், மாத்திர சாப்பிட்டாக் கொஞ்சம் கொறயுது, புள்ள பொறந்தா அதுக்கு வருமான்னு எனக்குத் தெரியாது, நீங்க டாக்டரக் கேட்டுக்கோங்க, அப்டின்னா. எம்மவன் எதுருல வெச்சிதான் சொன்னா. காப்பி குடிச்சா, டம்ளரக் கழுவி வெச்சா, அடுத்த வண்டிக்குப் போயிட்டா."

அப்பா மெதுவாகச் சொன்னார். "நாந்தாம்மா ரயிலேத்தி வுட்டேன். அக்காகிட்ட சொல்லாதீங்க, நானே சொல்லிக்கிறேன்னா. வண்டியில சொல்லலாம்னு பாத்தேன்."

காப்பி வந்தது.  அந்த அம்மாள் அதை வாங்கி என் பக்கத்தில் வைத்தார்.

"நான் இருவது வருசமா ஆஸ்பத்திரியில கீறேன். வலிப்பு எனக்குப் புதுசு இல்ல. எம்மவனும் சரின்னுட்டான். ஈஸ்டர் முடிஞ்சதும் வெச்சிக்கலாம், அதச் சொல்லத்தான் உங்க ரெண்டு பேரயும் வரச் சொன்னது." டம்ளரை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "உன் தங்கச்சிய எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குது. உன்னத்தான் புடிக்கல டீச்சரம்மா. தப்பா எடுத்துக்காத."

தப்பாக எடுத்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறது? திரும்பி வருகிற வண்டியில் அப்பா வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். மடியில் கொட்டிக்கொண்டு ஒன்றையும் உரிக்காமல் திண்டிவனம் வரைக்கும் வந்தேன். கல்யாணம் நிலைத்துவிட்டது. நான் எதற்காக மூன்று வாரம் முள்மேல் நின்றேனோ அது நடந்துவிட்டது, என்னைச் சேர்க்காமலே. சந்தோஷப்பட்டேனா? வெட்கமாக இருந்தது. அதைவிட, எனக்குத் தெரியாமல் போய்விட்டாளே என்று ஆத்திரமாக இருந்தது. அப்படிப்பட்ட மனுஷி நான்.

வீட்டில் தங்கை முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார். நான் நிலைப்படியில் நின்றேன். உள்ளே போகவும் முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை.

"சொன்னாங்களா?" என்றாள், நிமிராமல்.

"சொன்னாங்க."

"நீ இன்னா சொன்ன அவங்ககிட்ட?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். கடைசியில், அங்கே சொன்ன பொய்யை அவளிடம் ஒத்துக்கொண்டேன். "உனக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

முறம் நின்றது. அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். வியாழக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாகப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, குரலில் கோபம் இல்லை.

"அவங்ககிட்ட சொல்லிட்டு வந்துட்டியே. ஒண்ணுமில்லன்னு எங்கிட்ட என்னைக்காவது சொல்லியிருக்கியாக்கா?"

நான் யோசித்துப் பார்த்தேன். சாவிக்கொத்தைக் கையில் திணித்திருக்கிறேன், வாயைத் துடைத்திருக்கிறேன், பாயைக் கழுவிக் காயப்போட்டிருக்கிறேன், முடிந்தவரை யாருக்கும் தெரியாமல் பதினெட்டு வருஷம் மூடி வைத்திருக்கிறேன். உனக்கு ஒண்ணுமில்ல என்ற அந்த ஒரு வார்த்தையை அவளிடம் சொன்னதில்லை. அன்றைக்கு அந்த நிலைப்படியில் நின்றபோதும் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.